வீட்டு சாமான் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்குறது எப்படி

ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஒத்தை நம்பரா வருது, 480 யூனிட்டுன்னோ 530 யூனிட்டுன்னோ, அதுக்குள்ள ஃபிரிட்ஜ் பங்கு எவ்ளோ, தண்ணி மோட்டார் பங்கு எவ்ளோ, பழைய ஏசி எவ்ளோன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது, ஆனா தமிழ்நாட்டு வீட்டு கனெக்ஷன்ல 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாப்பே மாறிடுதுங்கறதால அந்தக் கடைசி 30 யூனிட்டை எங்க குறைக்கலாம்னு தெரிஞ்சாலே பில்லுல நல்ல வித்தியாசம் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சென்சார், ஒரு ஆர்டுவினோ போர்டு (சென்சார் சொல்றதைப் படிச்சு கம்ப்யூட்டருக்கு அனுப்புற சின்ன போர்டு), யூஎஸ்பி கேபிள், வீட்டுல இருக்கிற ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் போதும். எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கணும்னு இல்ல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். புதுசா வர்றவங்க பெரும்பாலும் "இது எத்தனை வாட்"ங்கற கேள்வியோட வர்றாங்க, அந்த நம்பர் சரியா வராதப்போ சலிச்சுப் போய் விட்டுடறாங்க. என்னைக் கேட்டா அந்த நம்பரை விட ஒரு சாமான் எப்போ ஓடுது, எவ்ளோ நேரம் ஓடுது, ஓடும்போது கிராஃப் என்ன வடிவத்துல இருக்குங்கறது தான் நிறைய சொல்லும். 750 வாட்னு போட்ட மிக்ஸி 5 நிமிஷம் ஓடினா 62 வாட்-அவர் சொச்சம், 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினா 75 வாட்-அவர், அதாவது சத்தம் போடுற மிக்ஸியும் அமைதியா சுத்துற கிரைண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், நேரம் தான் அதைத் தீர்மானிக்குது. அதனால முதல்ல நேரத்தைப் பிடிங்க, வாட் பின்னாடி வரட்டும்.

முதல்ல அளக்க நான் சொல்ற சாமான் ஃபிரிட்ஜ். நாள் பூரா பிளக்ல இருக்கு, தானா ஓடி தானா நிக்குது, ஒரே ராத்திரியில பார்க்குறதுக்கு நிறைய கிடைக்கும்.

என்ன சென்சார் வாங்கணும்

சந்தையில மூணு வகை சுலபமா கிடைக்குது, சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல, மத்த ஊர்ல இருக்கிறவங்க ஆன்லைன்ல வாங்கிக்கலாம். ஒண்ணு கிளிப் மாதிரி வாயைத் திறந்து வயர் மேல மாட்டுற சிடி சென்சார், ரெண்டாவது ஏசிஎஸ்712ங்கற சின்ன போர்டு, மூணாவது வோல்ட்டையும் சேர்த்து அளக்குற பிசெம்-004டி, அதைப் பத்தி பின்னாடி சொல்றேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க ஏசிஎஸ்712 பக்கமே போகாதீங்க, விலை கம்மிதான், ஆனா அதுல வீட்டு வயரை வெட்டி போர்டு வழியா கரண்டை ஓட விடணும், போர்டுக்கு அடியில இருக்கிற சால்டர் புள்ளியில 230 வோல்ட் வெறுமனே நிக்கும், கை பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. சிடி சென்சார் அப்படி இல்ல, வயரோட இன்சுலேஷனுக்கு வெளிய இருந்தே அந்தக் கரண்ட் உண்டாக்குற காந்தப் புலத்தை எடுத்துக்குது, 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே தூண்டல் தான், வீட்டு கரண்டுக்கும் உங்க கம்ப்யூட்டருக்கும் நடுவுல நேரடித் தொடர்பே கிடையாது.

வாங்க வேண்டியது எஸ்சிடி-013-030. கடைசியில இருக்கிற நம்பரைக் கட்டாயம் பார்த்து வாங்குங்க, ஏன்னா அதே உருவத்துல எஸ்சிடி-013-000னு ஒண்ணு இருக்கு, அது 100 ஆம்ப்ஸுக்கு 50 மில்லி ஆம்ப்ஸ் கரண்டா வெளிய தரும், அந்தக் கரண்டை வோல்ட்டா மாத்துற பர்டன் ரெசிஸ்டரை நாமளே போடணும் (5 வோல்ட் போர்டுன்னா 33 ஓம், 3.3 வோல்ட் போர்டுன்னா 22 ஓம்), ரெசிஸ்டர் போடாம வயர்ல மாட்டி விடவும் கூடாது. 030ல அந்த ரெசிஸ்டர் உள்ளயே இருக்கு, 30 ஆம்ப்ஸ் ஓடினா 1 வோல்ட் தரும், அவ்ளோதான். ஹெட்ஃபோன்ல இருக்கிற மாதிரியே ஒரு ஜாக் முனையில இருக்கும், அதைப் பார்த்துட்டு நேரா லேப்டாப் மைக் ஓட்டையில சொருகிடாதீங்க.

கூடவே ஒரு ஆர்டுவினோ யூனோ, பிரெட்போர்டு (சால்டர் பண்ணாம சொருகியே இணைக்கிற பலகை), கொஞ்சம் ஜம்பர் வயர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, அந்த ஜாக் சொருக ஒரு பெண் சாக்கெட். ஒரு சாதா மல்டிமீட்டர் இருந்தா நல்லது.

ஒரு வயர் மேல மட்டும் மாட்டணும்

ஃபிரிட்ஜ் கேபிளை அப்படியே சென்சார் வாய்க்குள்ள வச்சு மூடினா பூஜ்ஜியம் தான் வரும். ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் எதிரெதிர் திசை, ரெண்டோட காந்தப் புலமும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும். தனியா ஒரே ஒரு வயர் மேல தான் மாட்டணும், ஃபேஸ் ஆனாலும் சரி நியூட்ரல் ஆனாலும் சரி.

அதுக்காக ஃபிரிட்ஜ் கேபிளைக் கத்தியால கிழிக்காதீங்க. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தனியா செஞ்சுக்கலாம், 3 பின் பிளக்ல இருந்து பாக்ஸ் வரைக்கும் ஒரே கேபிளா இல்லாம ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூணும் தனித்தனி வயரா, நல்ல ஐஎஸ்ஐ முத்திரை போட்ட 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல. இதை உங்க ஏரியா எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல செஞ்சு குடுத்துடுவார், பிளக்ல ஸ்க்ரூ சரியா டைட் வைக்கத் தெரியாதவங்க அவர்கிட்டயே விட்டுடுங்க, எர்த் வயரை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுடக் கூடாது. கீசர், ஏசி மாதிரி 16 ஆம்ப்ஸ் சாமானுக்கு இந்த பாக்ஸைப் பயன்படுத்தாதீங்க, அதுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம்ல தனியா வேணும்.

அந்த ஃபேஸ் வயரைக் கொஞ்சம் நீளமா விடச் சொல்லுங்க, காரணம் இருக்கு. 30 ஆம்ப்ஸ் சென்சாருக்கு ஃபிரிட்ஜோட ஒரு ஆம்ப்ஸ் ரொம்பச் சின்னது. யூனோவுல வோல்ட்டை நம்பரா மாத்துற ஏடிசிங்கற பகுதி 5 வோல்ட்டை 1024 படியா பிரிக்குது, ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 0.15 ஆம்ப்ஸ், ஃபேன் மாதிரி சின்ன சாமானைச் சரியா அளக்க அது போதாது. ஆனா அதே வயரை சென்சார் வாய்க்குள்ள 5 தடவை சுத்தி எடுத்தா சென்சாருக்கு 5 மடங்கு கரண்ட் ஓடுற மாதிரி தெரியும், ஒரு படி 0.03 ஆம்ப்ஸ் ஆயிடும். ஓட்டை 13 மில்லிமீட்டருக்கு 13 மில்லிமீட்டர், 5 சுத்து தாராளமா போகும். சுத்தும்போது பிளக் கழட்டி இருக்கணும்.

இணைக்கிறது

ஆர்டுவினோவால மைனஸ் வோல்ட்டைப் படிக்க முடியாது, ஆனா வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் (மாறுதிசை மின்சாரம்) விநாடிக்கு 50 தடவை பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் போய் வருது. அதனால சிக்னலை 2.5 வோல்ட் மேல ஏத்தி உக்கார வைக்கணும். 5 வோல்ட் பின்ல இருந்து ஒரு 10 கிலோ ஓம், அதோட மறுமுனையில இருந்து இன்னொரு 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு, ரெண்டும் சேர்ற இடத்துல 2.5 வோல்ட் இருக்கும், அந்த இடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல கெப்பாசிட்டர், மைனஸ் கோடு போட்ட கால் கிரவுண்ட் பக்கம். சென்சாரோட ஒரு வயர் இந்த நடுப் புள்ளிக்கு, இன்னொரு வயர் ஏ0 பின்னுக்கு. அவ்ளோதான் சர்க்யூட்.

யூஎஸ்பி சொருகிட்டு மல்டிமீட்டர்ல பாருங்க, நடுப் புள்ளியிலயும் ஏ0லயும் 2.5 வோல்ட் பக்கம் இருந்தா சரி. நடுப் புள்ளியில இருக்கு ஏ0ல இல்லன்னா ஜாக் சாக்கெட்ல தப்பான காலைப் பிடிச்சிருக்கீங்க.

புரோகிராம்

வேல்ஸ்ல இருந்து இயங்குற ஓப்பன் எனர்ஜி மானிட்டர்ங்கற திட்டத்துக்காரங்க எமான்லிப்னு ஒரு லைப்ரரியை இலவசமா குடுத்திருக்காங்க, ஆர்டுவினோ ஐடிஈ உள்ள லைப்ரரி மேனேஜர்ல தேடினா வரும், அதோட கூடவே வர்ற கரண்ட் மட்டும் அளக்குற உதாரண புரோகிராமைத் திறந்துக்கோங்க. அதுல மாத்த வேண்டியது ஒரே வரி, பின் நம்பர் 1னு இருந்தா நாம மாட்டின ஏ0க்கு ஏத்த மாதிரி 0னு மாத்துங்க, அதுக்குப் பக்கத்துல இருக்கிற காலிப்ரேஷன் நம்பரையும் (சென்சார் வோல்ட்டை ஆம்ப்ஸா மாத்துற நம்பர்) மாத்துங்க. 030 சென்சாருக்கு அது 30, நீங்க 5 சுத்து சுத்தியிருக்கீங்க, அதனால 30ஐ 5ஆல வகுத்து 6னு போடுங்க. 1480னு ஒரு நம்பர் இருக்கும், ஒரு தடவை அளக்க எத்தனை சாம்பிள் எடுக்கணும்ங்கறது, யூனோல அது ஏறக்குறைய 14 சைக்கிள் வரும், அதைத் தொடாதீங்க.

ஆன் பண்ணின உடனே வர்ற முதல் சில ரீடிங் கன்னாபின்னான்னு பெருசா இருக்கும், ஃபில்டர் செட்டில் ஆகுற வரைக்கும் அப்படித்தான், விட்டுடுங்க. அப்புறம் ஒண்ணுமே ஓடாதப்பவும் பூஜ்ஜியத்துக்குப் பதிலா ஏதோ ஒரு சின்ன நம்பர் காட்டும், அது இரைச்சல். அதை ரீடிங்ல இருந்து அப்படியே கழிக்காதீங்க, இந்த ரீடிங் ஆர்எம்எஸ், அதாவது வர்க்கங்களோட சராசரிக்கு எடுத்த வர்க்கமூலம், அது அப்படி கழியாது, ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கழிச்சு அப்புறம் வர்க்கமூலம் எடுக்கணும். அதெல்லாம் வேணாம்னா அந்த நம்பருக்கு ரெண்டு மடங்குக்குக் கீழ எது வந்தாலும் பூஜ்ஜியம்னு வச்சுக்கோங்க, ஆரம்பத்துக்கு அது போதும்.

சரிபார்க்க அயர்ன் பாக்ஸ் தான் நல்லது. மோட்டார் எதுவும் இல்லாத வெறும் ஹீட்டர், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்ல 4.35 ஆம்ப்ஸ் எடுக்கும், தெர்மோஸ்டாட் டக்னு வெட்டும்போது ரீடிங் பூஜ்ஜியத்துக்கு விழுறதையும் கண்ணால பார்க்கலாம். உங்க வீட்டுல வோல்டேஜ் 210 தான் இருந்தா அது 4 ஆம்ப்ஸுக்குக் கொஞ்சம் கம்மியா காட்டும், சென்சார் தப்புன்னு நினைக்காதீங்க. எலக்ட்ரீஷியன்கிட்ட கிளாம்ப் மீட்டர் இருந்தா அதையும் பக்கத்துலயே மாட்டி ரெண்டையும் ஒத்துப் பார்த்து அந்த 6ஐ 5.8, 6.1னு கொஞ்சம் நகர்த்திக்கோங்க.

கம்ப்யூட்டர்ல பதிவு பண்றது

சீரியல் மானிட்டர்ல நம்பர் ஓடுறதைப் பார்க்கறது ஒரு சந்தோஷம் தான், ஆனா சேமிக்கலன்னா பிரயோஜனம் இல்ல. ஆர்டுவினோவுக்கு மணி தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதனால நேரத்தைக் கம்ப்யூட்டர் தான் போடணும். பைதான்ல பைசீரியல்ங்கற லைப்ரரி போட்டுக்கிட்டு போர்ட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியா படிச்சு, முன்னாடி தேதியும் நேரமும் ஒட்டி, ஒரு சிஎஸ்வி ஃபைல் கடைசியில சேர்த்துக்கிட்டே போகணும், பத்துப் பதினஞ்சு வரி புரோகிராம் தான். ஆர்டுவினோ பக்கம் போட்ட பாட் வேகமும் (9600ன்னா 9600) பைதான் பக்கம் போட்டதும் ஒண்ணா இருக்கணும். சீரியல் மானிட்டரை மூடிட்டுத்தான் பைதானை ஓட்டணும், ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஒரு போர்ட்டைத் திறக்க முடியாது. விண்டோஸ்ல போர்ட்டே தெரியலன்னா உங்க போர்டு சிஎச்340 சிப் போட்ட நகல் போர்டா இருக்கலாம், அதுக்கு டிரைவர் தனியா போடணும். லினக்ஸ்ல பர்மிஷன் இல்லன்னு சொன்னா உங்க யூசரை டயல்அவுட் குரூப்ல சேர்த்துட்டு ஒரு தடவை லாக்அவுட் பண்ணி வாங்க.

5 விநாடிக்கு ஒரு ரீடிங் போதும், ஒரு நாளைக்கு 17,280 வரி, அரை எம்பி கூட வராது. லேப்டாப் தூங்கப் போயிட்டா பதிவு நின்னுடும், அதனால ஸ்லீப்பை ஆஃப் பண்ணி வைங்க, இல்ல ஒரு ராஸ்பெர்ரி பை இருந்தா அதுல மாட்டி விட்டுட்டு மறந்துடலாம்.

கிராஃப்ல என்ன தெரியும்

காலையில அந்த ஃபைலை லிப்ரே ஆஃபீஸ்லயோ எக்ஸெல்லயோ திறந்து கோடு கிராஃப் போடுங்க. ஃபிரிட்ஜ்னா மேல ஏறி கொஞ்ச நேரம் சமமா நின்னு கீழ இறங்கி மறுபடி ஏறும். ஏறும்போது சில சமயம் ஒரு ஊசி மாதிரி நிக்கும், கம்ப்ரஸர் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஒரு விநாடிக்குள்ள அடங்கிடும்ங்கறதால 5 விநாடிக்கு ஒண்ணு எடுத்தா எல்லா தடவையும் மாட்டாது. இன்வர்ட்டர் கம்ப்ரஸர்னா அந்த ஊசியும் இருக்காது, கோடு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ்ல இன்னொரு மேடும் நடுவுல எப்பவாவது வரும், ஊசியே இல்லாம நேரா ஏறி நேரா நிக்கும், அது டீஃப்ராஸ்ட் ஹீட்டர்.

இப்போ கணக்கு. 20 நிமிஷம் ஓடி 25 நிமிஷம் நிக்குதுன்னு வச்சுக்குவோம், 45க்கு 20, அதாவது 44 சதவீதம். இந்த சதவீதத்தை எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் ஃபிரிட்ஜைச் சுவத்துல இருந்து கொஞ்சம் முன்னாடி இழுங்க, பின்னாடி காயில் மேல இருக்கிற தூசியைத் தட்டுங்க, கதவு ரப்பர்ல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா வந்தா ரப்பர் போயிடுச்சு. ஒவ்வொண்ணும் செஞ்சு ஒரு நாள் விட்டு அந்த சதவீதம் இறங்குதான்னு பாருங்க. சித்திரை வெயில்ல எடுத்ததையும் மார்கழியில எடுத்ததையும் ஒப்பிடாதீங்க, சமையலறைச் சூடு மாறினாலே எல்லாம் மாறிடும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது தண்ணி மோட்டார் தான். 1 ஹெச்பி மோட்டார் தண்டுல தர்றது 746 வாட், இழுக்கிறது ஆயிரத்துக்கு மேல, 5 ஆம்ப்ஸ் பக்கம் ஓடும். சம்ப்ல தண்ணி தீர்ந்து காத்தை இழுக்க ஆரம்பிச்சா கரண்ட் கூடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா இந்த சென்ட்ரிஃபியூகல் பம்ப்ல கரண்ட் குறையும், தூக்குறதுக்குத் தண்ணி இல்ல, அதனால சுமை இல்ல. அடைச்சு இறுகிப் போனா, கெப்பாசிட்டர் போய் சுத்தாம உறுமினா, அப்பத்தான் கரண்ட் எகிறும். போர்வெல்லுக்கு டிரை ரன் காப்பான்னு விக்கிறாங்கல்ல, அதுல பல இந்தக் கரண்ட் குறையறதைப் பார்த்துத்தான் வெட்டுது. சாதாரணமா ஓடும்போது எவ்ளோங்கறதை ஒரு வாரம் பதிவு பண்ணிட்டா, அதுக்குக் கணிசமா கீழ இறங்கினா உங்க கம்ப்யூட்டர் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புற மாதிரி பைதான்ல ரெண்டு வரி சேர்த்துடலாம், ஒரு மோட்டார் காயில் கட்டுற செலவு மிச்சம். மோட்டார் வயர்ல சென்சார் மாட்டுறது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள நடக்கும், எம்சிபி ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சுப் பார்த்து, எலக்ட்ரீஷியன் கையால தான். இங்க சுத்து வேணாம், ஒரு தடவை போனா போதும், காலிப்ரேஷன் 30.

ஆம்ப்ஸ் வேற வாட் வேற

இங்க தான் நிறைய பேர் 230ஆல பெருக்கிட்டு பில்லோட ஒத்துப் போகலன்னு குழம்பறாங்க. ஃபிரிட்ஜ் 0.9 ஆம்ப்ஸ் காட்டுது, 230ஆல பெருக்கினா 207 வருது, ஆனா மோட்டார் இருக்கிற சாமான்ல பவர் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு, வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினதுல நிஜ வாட்டோட பங்கு, அது 0.65ன்னா நிஜமான வாட் 135 தான், வீட்டு மீட்டர் எண்ணுறது இந்த நிஜ வாட்டைத்தான். அயர்ன் பாக்ஸ், கீசர், ஹீட்டர் மாதிரி சாமானுக்கு மட்டும் பெருக்கினா சரியா வரும். 135 வாட், 44 சதவீத நேரம்னா ஒரு நாளைக்கு 1.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 85 பக்கம், அதே கணக்கை 207ல போட்டிருந்தா 130 தாண்டியிருக்கும்.

நிஜ வாட் வேணும்னா வோல்டேஜையும் சேர்த்து அளக்கணும், அதுக்குத்தான் பிசெம்-004டி. வோல்ட், ஆம்ப்ஸ், வாட், வாட்-அவர், ஃப்ரீக்வென்சி, பவர் ஃபேக்டர் ஆறையும் அதுவே கணக்குப் போட்டு மோட்பஸ்ங்கற தகவல் முறையில 9600 வேகத்துல குடுத்துடும். 100 ஆம்ப்ஸ் மாடல் தனி சிடி சென்சாரோட வருது, அதுலயும் திறந்து மூடுற கிளிப் வகையா பார்த்து வாங்குங்க. ஒரு பக்கம் 230 வோல்ட் ஸ்க்ரூல பிடிக்கணும், அதனால மூடுற பிளாஸ்டிக் பெட்டி இல்லாம ஆன் பண்ணவே கூடாது, கம்ப்யூட்டர் பக்கம் ஆப்டோகப்ளர் (ஒளி வழியா மட்டும் சிக்னலைக் கடத்துற சிப்) வச்சுப் பிரிச்சிருக்கு. சால்டரிங்கே வேணாம்னு நினைக்கிறவங்க எனர்ஜி காட்டுற 16 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக் வாங்கிக்கலாம், வைஃபை வேணும்னா ஈஎஸ்பி32 போர்டு போட்டு ஈஎஸ்பிஹோம் வழியா ஹோம் அசிஸ்டன்ட்ங்கற வீட்டு ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர்ல பார்க்கலாம், சிடி கிளிப்புக்கும் பிசெம்முக்கும் அதுல தயாராவே வசதி இருக்கு. ஈஎஸ்பி32ல சென்சாரை 32ல இருந்து 39க்குள்ள இருக்கிற பின்ல தான் போடணும், ஏடிசி2ங்கற ரெண்டாவது ஏடிசியோட பின்னெல்லாம் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது.

கரண்ட் கட் ஆகுற ஊர்ல பிசெம்முக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. கம்ப்யூட்டர் இன்வர்ட்டர்ல ஓடிட்டே இருக்கும், ஃபிரிட்ஜ் நின்னு போச்சுன்னு சிடி சென்சார் பூஜ்ஜியம் காட்டும், அது தெர்மோஸ்டாட் நிறுத்தினதா இல்ல கரண்டே இல்லையான்னு தெரியாது, சதவீதக் கணக்கு தப்பாயிடும். பிசெம் மெயின் லைன்ல இருந்து தான் உயிர் வாழுது, லைன் போனா பதிலே சொல்லாது, பதில் வரலன்னா அந்த நேரத்தைக் கணக்குல இருந்து எடுத்துடுங்க. ரெண்டு மூணு பிசெம்மை ஒரே லைன்ல போடுறதா இருந்தா எல்லாமே ஒரே முகவரியோட தான் வரும், ஒவ்வொண்ணா தனியா மாட்டி முகவரியை மாத்திட்டு அப்புறம் சேருங்க. சிடி சென்சார்னா யூனோவுலயே ஏ0 முதல் ஏ5 வரைக்கும் ஆறு மாட்டலாம்.

மொத்த வீட்டையும் பார்க்கணும்னா

1980கள்ல அமெரிக்காவுல எம்ஐடியில ஜார்ஜ் ஹார்ட்ங்கறவர் ஒரு யோசனையில வேலை பார்த்தார், 1992ல அதைப் பத்தி விரிவா எழுதினார், ஒவ்வொரு சாமானுக்கும் சென்சார் வைக்காம மெயின் லைன்ல மட்டும் அளந்து, வாட் திடீர்னு எவ்ளோ ஏறுது எவ்ளோ இறங்குதுங்கறதை வச்சே எது ஆன் ஆச்சுன்னு சொல்றது. அதை வீட்டுல செய்ய எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸுக்குள்ள சென்சார் போகணும், மீட்டருக்கு அப்புறம் உங்க பக்கத்துல மட்டும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சு. மீட்டர் பெட்டியும் சீலும் ஈபியோடது, அதுல கை வைக்கக் கூடாது.

ஆனா கண்ணால பார்க்கத் தடை இல்ல. மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்குன்னு போட்டிருக்கும், உதாரணத்துக்கு 3200. அப்படின்னா 1125ஐ ரெண்டு மினுக்குக்கு நடுவுல இருக்கிற விநாடியால வகுத்தா அந்த நேரத்து வாட் வந்துடும். 10 மினுக்குக்கு 25 விநாடி ஆச்சுன்னா 450 வாட். உங்க மீட்டர்ல வேற நம்பர் இருந்தா 36,00,000ஐ அந்த நம்பரால வகுத்து 1125க்குப் பதிலா போட்டுக்கோங்க. ஒருத்தர் மீட்டர்கிட்ட ஃபோன்ல வீடியோ எடுக்கட்டும், இன்னொருத்தர் உள்ள ஒவ்வொரு சாமானா ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணட்டும், எது எப்போ போட்டோம்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, ஃபிரிட்ஜ் நடுவுல தானா ஓட ஆரம்பிச்சா கணக்கு குழம்பும், அதனால அந்த நேரத்துக்கு மட்டும் அதைப் பிளக்ல இருந்து எடுத்துடுங்க, முடிஞ்சதும் மறக்காம திரும்பச் சொருகுங்க.